லோனாவாலாவில் தயாராகும் தலைவர்கள்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். "நிச்சயமற்ற காலத்துக்கு நிச்சயமான ஆண் தலைவர்கள்" என்று இரண்டு நாள் முகாம். லோனாவாலாவில் ரிசார்ட், தலைக்கு 6,500 ரூபாய், சாப்பாடும் தங்கலும் உட்பட, ஆண்களுக்கு மட்டும். நோட்டீஸில் வழக்கம்போல ஒரு சிங்கம். ஏழெட்டு வருஷமாக இதே சிங்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். பிடரி மயிர் மட்டும் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறது.

புனேயில் எங்கள் சபை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்கி, தேஹு ரோடு பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு அந்தக் காலத்திலேயே வந்து மூன்று தலைமுறை கண்டுவிட்ட குடும்பங்கள் ஒரு பக்கம். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் கம்பெனிகளுக்கு டிப்ளமோ முடித்துவிட்டு வந்த என்னைப் போன்ற நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் இன்னொரு பக்கம். அப்புறம் ஹிஞ்சேவாடி ஐடி ஆட்கள். சொந்தக் கோயில் கிடையாது. இங்கிலீஷ் ஆராதனையும் மராத்தி ஆராதனையும் முடிந்த பிறகு மத்தியான வெயிலில் எங்களுக்கு இடம் கிடைக்கும். ஊரில் சேகரம், சர்க்கிள், கமிட்டி, ஐயர் என்று எல்லாம் தானாக நடக்கும். இங்கே நாலு பேர் இழுத்தால்தான் தேர் நகரும். அதனால் தலைமைக்கு ஆட்களைப் பழக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. கண்டிப்பாகப் பழக்க வேண்டும். எதற்குப் பழக்குகிறோம் என்பதில்தான் சண்டை.

முகாமில் என்ன நடக்கும் என்று போகாதவர்கள் கேட்பதுண்டு. இரண்டு தடவை போயிருக்கிறேன், சொல்கிறேன். முதலில் இசக்கார் புத்திரர் வருவார்கள். 1 நாளாகமம் 12-ஆம் அதிகாரத்தில், தாவீதுக்குத் துணையாக எப்ரோனுக்கு வந்தவர்களின் பட்டியலில், காலத்தைப் பகுத்தறிந்தவர்கள் என்று இவர்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. தலைவர்கள் 200 பேர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டுவார்கள். காலத்தை அறிவது என்றால் என்ன? எதை அறிவது? யார் வீட்டில் என்ன காலம் நடக்கிறது என்றா? அது வராது. "உலகப் பொருளாதாரம் ஆட்டம் காண்கிறது, செயற்கை நுண்ணறிவு வேலையை விழுங்குகிறது, கடைசி நாட்கள்" என்று ஒரு பயமுறுத்தல். அடுத்து, இதற்கெல்லாம் ஒரே தீர்வு ஆண் எழுந்து நிற்பது. குடும்பத்துக்குத் தலை, சபைக்குத் தூண். தலை ஆடக்கூடாது. தூண் அசையக்கூடாது. கைதட்டல். டீ பிரேக்.

மத்தியானத்துக்கு மேல் நெகேமியா. பாவம் அந்த மனுஷர். ராஜாவிடம் பாத்திரக்காரனாய் இருந்தவரை இவர்கள் புராஜெக்ட் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். 52 நாளில் மதில் முடிந்தது, டெட்லைன் தவறவில்லை, ஸ்டேக்ஹோல்டர்களைச் சமாளித்தார், இத்யாதி. நான் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸில் கேட்பதையே சனிக்கிழமை காசு கொடுத்துக் கேட்க வேண்டுமா?

வீட்டில் வேதாகமம் இருப்பவர்கள் நெகேமியா மூன்றாம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். யார் எந்த வாசலைக் கட்டினார்கள் என்று வெறும் பெயர்ப்பட்டியல் என நாம் தாண்டிப் போகிற அதிகாரம் அது. அதில் ஐந்தாம் வசனத்தில் தெக்கோவா ஊரார் வேலை செய்தார்கள், ஆனால் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் குனிந்து வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டாம் வசனத்தில், எருசலேமில் பாதி மாகாணத்துக்குப் பிரபுவாக இருந்த சல்லூம் தன் குமாரத்திகளோடு சேர்ந்து மதிலைப் பழுதுபார்த்தார் என்று இருக்கிறது. பிரபுவின் பெண் பிள்ளைகள் கல் சுமந்திருக்கிறார்கள்! இரண்டு முகாமிலும் இந்த வசனம் வரவில்லை. வராது. வந்தால் "ஆண்களுக்கு மட்டும்" என்ற நோட்டீஸை என்ன செய்வது?

அதைவிட முக்கியம் ஐந்தாம் அதிகாரம். மதில் வேலை நடக்கும்போதே ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சம். நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தாயிற்று, பிள்ளைகள் அடிமைகளாகப் போகிறார்கள். வட்டி வாங்குவது வெளியூர்க்காரன் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபப்பட்டு, கூட்டம் கூட்டி, நிலத்தையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். அதோடு, தேசாதிபதிக்கு உரிய சாப்பாட்டுப் படியைத் தான் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை என்றும் எழுதிவைக்கிறார். நிச்சயமற்ற காலத்துத் தலைமை என்று ஒன்று இருந்தால் இதுதானே? நம் சபைகளில் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் எத்தனை பேர், அந்தச் சீட்டை நடத்தினவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த அதிகாரத்தை எடுத்துப் பேச அந்த மேடையில் ஆளில்லை.

2020 மார்ச் 24 ராத்திரி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாலு மணி நேர அவகாசத்தில் நாடே பூட்டப்பட்டது, 21 நாள் என்று சொல்லி. அன்றைக்கு எங்கள் சபையில் தலைமைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினவர்கள் பதினேழு பேர் இருந்தார்கள். குறை சொல்லக்கூடாது, அடுத்த வாரமே ஜூமில் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பேருக்குள் யார் எந்த நாள் பேசுவது என்று சின்ன மனஸ்தாபம்கூட வந்தது.

அதே வாரத்தில், முறுக்கு, சிப்ஸ் போடுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்த நம் பக்கத்துப் பையன்கள் பதினோரு பேர் ஒரே அறையில் அரிசி இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அதைக் கண்டுபிடித்தது யார்? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கும் ஒரு டீச்சரக்கா. கண்டுபிடிக்க அவர் எந்த முகாமுக்கும் போகவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் போன கிறிஸ்துமஸ் அசனத்தில் பாத்திரம் கழுவ வந்தவன், அவன் நம்பரை வாங்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஏரியா நகர்சேவகரிடம் மராத்தியில் பேசி, போலீஸ் பாஸ் வாங்கி, ஒரு மாதம் அரிசி போனது. 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை வந்தபோது இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் படுக்கை தேடியது, ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு நின்றது... இதிலும் முன்னால் நின்றது நாலைந்து அக்காமார்களும், பயிற்சி எதுவும் வாங்காத இரண்டு டிரைவர் தம்பிகளும்தான்.

எல்லாம் அடங்கிய பிறகு நன்றி ஆராதனை வைத்தார்கள். சால்வை யாருக்கு என்று கேட்காதீர்கள்.

சபையில் முதன்முதல் ஆள் தெரிந்தெடுத்த கதையும் இதே விவகாரம்தான். அப்போஸ்தலர் 6. கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று முறுமுறுப்பு வருகிறது. அதாவது, வேற்றுமொழிக்காரர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள், நம்மைப் போல. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய பெயரையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சோற்றுப் பந்தியில் ஆரம்பித்த தலைமை இது. நம் கமிட்டியில் யாராவது குறை சொன்னால் அவரை அடுத்த தேர்தலில் எப்படிக் கழற்றிவிடுவது என்றுதானே முதலில் யோசிக்கிறோம்? "அண்ணாச்சி, அவரு எந்த ஊரு, யாரு ஆளு?" என்ற கேள்வி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் நம்மை விடவில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பாளையங்கோட்டைப் பக்கம் சௌகரியமாக இருந்திருக்கலாம். 1909-ல் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த டோர்னக்கலுக்குப் போனார். பாஷை வேறு, சாப்பாடு வேறு. தெலுங்கு படித்து, அந்த ஜனங்களோடு இருந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டு மேடையில் நின்று, உழைப்பையும் பணத்தையும் தருகிறீர்கள், சினேகிதத்தைத் தரவில்லையே என்கிற அர்த்தத்தில் வெள்ளைக்காரர்களின் முகத்துக்கு நேரே பேசினவர். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பேச்சு அல்ல. டோர்னக்கலில் கிராமத்து உபதேசிமாரைப் பயிற்றுவித்தபோது அவர்களை மனைவியோடு வரவழைத்தார்கள். பயிற்சி இரண்டு பேருக்கும். அவருடைய மனைவி அன்பு மரியம்மாளே கல்லூரி வரை படித்தவர், அந்தக் காலத்தில்! நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நெல்லைக்காரருக்குத் தெரிந்தது ஹெச்டி புரொஜெக்டர் வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால், பாளையங்கோட்டையில் 1785-ல் கோயில் கட்டிய குளோரிந்தா ஒரு மராத்தி பிராமண விதவை. ஜனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். நெல்லைச் சபையின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்துப் பாஷை பேசிய ஒரு பெண் இருக்கிறார் என்பதைப் புனேயில் இருக்கும் நெல்லைக்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம். இங்கிருந்து ரயிலில் போனால் கேட்கான். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்கே போய் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பண்டித ரமாபாய் காப்பாற்றிய முக்தி அங்கேதான் இருக்கிறது. கிணறு, வயல், அச்சுக்கூடம் எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் நடத்தினார்கள். லோனாவாலாவுக்கு பஸ் பிடிக்கிறவர்கள் ஒரு தடவை எதிர்த்திசையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தென்னிந்தியத் திருச்சபைக்கு 2013-ல் புஷ்ப லலிதா என்ற பெண் பேராயர் வந்தாயிற்று. நம் ஆட்கள் மட்டும் இன்னும் சிங்கத்தின் பிடரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் "ஆண்களுக்கு மட்டும்" என்பதை நான் எதிர்க்கிறேன் என்று நினைத்தால், இல்லை. என் வீட்டம்மாவோடு இதில் எனக்கு நீண்ட வாக்குவாதம் உண்டு. பயிற்சி ஆண்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் தெரியாதவனுக்குத்தானே பயிற்சி! யார் வீட்டில் சமையல் நடக்கவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டவில்லை, எந்த மருமகள் ஆறு மாதமாக ஊருக்குப் போன் பேசவில்லை என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. பஸ்ஸில் ஏற்ற வேண்டியது நம்மைத்தான். ஆனால் பாடம் வேறு.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், காரணம் இருக்கிறது. எங்கள் சபையில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். இரண்டு தடவை முகாமுக்குப் போனவர். வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. இரண்டரை மாதம் தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மாலில் உட்கார்ந்துவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பினார். கிரெடிட் கார்டில் வாடகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதம் வாசித்தார், குரல் நடுங்காமல். விஷயம் வெளியே வந்தது பேங்கிலிருந்து ஆள் வந்தபோதுதான். ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "தலை ஆடினா உடம்பு என்னாகும்ணே?"

இந்த வாக்கியம் அவர் வீட்டில் பிறந்தது இல்லை. மேடையில் ஸ்லைடு போட்டுச் சொல்லிக் கொடுத்தது. நிச்சயமற்ற காலத்துக்கு ஆயத்தம் என்று சொல்லி, நிச்சயமற்ற காலம் வந்தபோது வாயைத் திறக்க முடியாத ஒரு மனுஷனை உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல வேளை, அந்தப் பெண் புத்திசாலி. அழுதார், திட்டினார், அடுத்த நாள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். எபேசியர் 5-ல் 22-ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், அதற்கு முந்தின 21-ஆம் வசனம் எல்லாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது என்பதை ஏன் அவருக்குச் சொல்லவில்லை?

சரி, பாடம் என்ன என்றால், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் பாடம் மரணம். சும்மா சொல்லவில்லை. 2021-ல் எங்கள் சபையில் போன மூன்று பேரில் இரண்டு பேருடைய மனைவிக்கு, வீட்டுக்காரரின் பி.எஃப். கணக்கு எண் தெரியாது. நாமினியில் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயரே இருந்தது. பி.எஃப்.பில் இருக்கிறவர் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ் அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு, விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? இ-நாமினேஷனைப் போனிலேயே போடலாம். முகாம் நடக்கிற இரண்டு நாளில் ஒரு மத்தியானம் போதும், அறுபது குடும்பத்துக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம் சட்டம். இதைப் பேசினாலே நம் ஆட்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2002-ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டதோடு நம் ஊர் மனதில் அந்த விஷயம் முடிந்துவிட்டது. வடக்கே முடியவில்லை. உத்தரப்பிரதேசத்திலும் மத்தியப்பிரதேசத்திலும் 2021-ல் சட்டம் வந்தது, உ.பி.யில் 2024-ல் தண்டனையைக் கூட்டினார்கள். நம் பிள்ளைகள் கான்பூரிலும் போபாலிலும் வேலை பார்க்கிறார்கள், வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறார்கள். கதவைத் தட்டினால் என்ன பேசுவது? அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று 22-ஆவது பிரிவு இருக்கிறதே, அது தெரியுமா? எந்த வக்கீலைக் கூப்பிடுவது? இதற்கு ஒரு வக்கீலை அழைத்துப் பேசவைக்கலாம் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். "பயத்தின் ஆவி வேண்டாம் பிரதர்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இதே ஆட்கள்தான் முன்பொரு தடவை டூரிஸ்ட் விசாவில் வந்த வெளிநாட்டுப் போதகரை மேடையேற்றிப் பிரசங்கம் செய்ய வைத்தார்கள். அது விசா நிபந்தனையை மீறுவது. பிடித்திருந்தால் அவர் ஃபிளைட் ஏறிப் போயிருப்பார், கோயில் வாடகை ரசீதில் கையெழுத்துப் போட்ட நம் செக்ரட்டரி அண்ணாச்சிதான் ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பார். காலத்தைப் பகுத்தறிவது என்றால் இதுவும்தான் அதில் சேர்த்தி.

கணக்கு எழுதப் பழக்குங்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு உட்காரப் பழக்குங்கள். வாய் பேசாமல் உட்காருவது பெரிய வித்தை, பெரும்பாலான பிரதர்மாருக்கு வராது, பத்து நிமிஷத்தில் நோயாளிக்குப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார்கள். மராத்தி பேசப் பழக்குங்கள். முப்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு, கார்ப்பரேஷன் ஆபீசில் போய் நிற்க ஒரு பையனைத் துணைக்குத் தேடுகிறோம்.

இதெல்லாம் சமூக சேவை, ஆவிக்குரிய பயிற்சி வேறு என்று போன தடவை ஒருவர் சண்டைக்கு வந்தார். அவரை 1 தீமோத்தேயு 3-ஐப் படிக்கச் சொன்னேன். கண்காணிக்கு இருக்க வேண்டிய குணங்களில் மேடைக்கு வேண்டியது போதிக்கிற திறமை ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் குடிக்காதவன், அடிக்காதவன், பண ஆசை இல்லாதவன், வந்தவர்களை உபசரிக்கிறவன், சண்டை போடாதவன், வெளியே இருக்கிறவர்களிடம் நல்ல பெயர் எடுத்தவன். அண்டை வீட்டு மராத்திக்காரரிடம் போய் நம் தலைவர்களைப் பற்றி விசாரிக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எனக்கு ஸ்தோத்திரமும் சொல்வதில்லை.

முகாமுக்கு இந்த வருஷம் முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. 6,500-ஆல் பெருக்கினால் 1,95,000 ரூபாய். எங்கள் சபையின் ஏழைகள் நிதியில் போன மாதக் கடைசியில் இருந்தது 11,240. இரண்டு எண்ணையும் அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன், மைக் கொடுத்தால்.

சூரத், மும்பை, டெல்லி, ஹைதராபாத் பக்கம் இருக்கிற நம் சபையார், உங்கள் பக்கம் எப்படி? வேலை போனவர்கள் வந்து வெளிப்படையாகச் சொல்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் எப்படி ஆரம்பித்தீர்கள், யார் பொறுப்பு, கணக்கு எப்படி என்று விவரமாக எழுதுங்கள். எங்களுக்கு உபயோகப்படும்.